சூடும் கரண்டும் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

வீட்டுச் சாமான் சூடாகக் கூடாத இடத்தில் சூடானாலும், சூடாக வேண்டிய நேரத்தில் ஆறிக் கிடந்தாலும், நம் ஆட்கள் முதலில் சாமானைத்தான் குறை சொல்வார்கள். "குக்கர் போச்சு, புதுசு வாங்கிடலாம்." கோலாலம்பூரில் எந்தக் கடைக்குப் போனாலும் குக்கர் கிடைப்பதால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் செம்பு கெட்டுப்போவதில்லை. அலுமினியத்துக்கு வயதாகி, சூடு கடத்தும் குணம் வற்றிப்போவதும் இல்லை. பெரும்பாலும் தகராறு ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடுகிற இடத்தில்தான் இருக்கும். பிளக் பின்னும் சாக்கெட்டின் உள்தகடும் சேரும் இடம், பானை அடியும் சூட்டுத் தட்டும் சேரும் இடம், வயரும் ஸ்க்ரூவும் சேரும் இடம் என்று முதலில் அங்கே பாருங்கள்.

தொடங்குமுன் சில எண்கள். சூடு கடத்தும் திறனை ஒரே அளவுகோலில் வைத்தால் செம்பு சுமார் 400, அலுமினியம் 237, வார்ப்பிரும்பு 50 பக்கம், எவர்சில்வர் வெறும் 15, கண்ணாடி 1, தண்ணீர் 0.6, காற்று 0.026. கரண்டைக் கடத்துவதிலும் உலோகங்களின் வரிசை கிட்டத்தட்ட இதேதான். உலோகத்துக்குள் இரண்டையும் சுமந்து போவது அதே எலக்ட்ரான்கள் என்பதுதான் காரணம். பட்டியலின் கடைசியில் நிற்கும் காற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கீழே வரும் பாதிக் கதைகளில் வில்லன் அதுதான்.

இன்னொன்று. பிளக், குக்கர் பானை, தோசைக்கல் இவையெல்லாம் நீங்களே பார்க்கலாம். சுவருக்குள் ஓடும் வயர், வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸின் உள்பக்கம், வாட்டர் ஹீட்டரின் உள்பக்கம் இவை சுருஹான்ஜெயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனின் வேலை. எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிளக் சுடுகிறது, சாக்கெட் ஓரம் பழுப்பாகிவிட்டது

கெட்டில், அயர்ன், ஏர் ஃபிரையர் மாதிரி அதிக வாட் இழுக்கும் சாமான்களில்தான் இது தெரியும். வேலை முடிந்து பிளக்கைப் பிடுங்கும்போது இளஞ்சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். நம் மூன்று பின் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸே முழு லோடில் ஒரு வாட் அளவுக்குச் சூடு விடும். ஆனால் பின்னை விரலால் பிடிக்க முடியவில்லை, பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறது, கருவாடு மாதிரி ஒரு வாடை வருகிறது என்றால் அன்றோடு அந்தச் சாக்கெட்டை நிறுத்துங்கள். அந்த வாடையைப் பலர் அடுப்படி வாடை என்று விட்டுவிடுகிறார்கள். சாக்கெட், சுவிட்ச் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக் வேகும்போது அப்படித்தான் மணக்கும்.

உள்ளே நடப்பது இது. 3000 வாட் கெட்டில் 240 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கிறது. பின்னும் தகடும் இறுக்கமாகத் தொட்டால் அந்த இடத்தின் தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே உண்டாகும் சூடு ஒரு வாட்டைத் தாண்டாது. தகட்டின் பிடி தளர்ந்து, மேலே கறுப்பு படிந்து, தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 15 வாட்டுக்கு மேல் வருகிறது. விரல்நுனி அளவு இடத்தில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் 15 வாட்! சூடு ஏறினால் தகடு இன்னும் தளரும், இன்னும் கறுக்கும், தடை இன்னும் ஏறும். தானாக ஆறிச் சரியாகிற கோளாறு இல்லை இது.

"அப்படியானால் பியூஸ் போயிருக்க வேண்டுமே?" என்று கேட்பார்கள். போகாது. பியூஸும், டிபி பாக்ஸில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் தானியங்கி சுவிட்சான எம்சிபியும் கரண்ட் அளவுக்கு மீறினால்தான் வேலை செய்யும். இங்கே கரண்ட் மீறவில்லை. தடை கூடியதால் சொல்லப்போனால் ஒரு துளி குறைந்திருக்கிறது. அதே பாக்ஸில் இருக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்சும் காப்பாற்றாது, அது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மட்டும்தான் விழுந்து லைனை வெட்டும். ஆகவே இந்தக் கோளாறைப் பிடிக்க உங்கள் மூக்கையும் கையையும் விட்டால் வேறு காவல் இல்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சரி, குற்றவாளி பிளக்கா சாக்கெட்டா? பின் பளபளப்பாக இருந்தால் அதே சாமானை வேறு நல்ல சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே சுடவில்லை என்றால் பழைய சாக்கெட்தான் கெட்டது. பின் ஏற்கெனவே கறுத்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நல்ல சாக்கெட்டையும் கெடுத்துவிடும். பிளக்கைத் திறந்து உள்ளே பாருங்கள்: பழுப்பு வயர் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, வயரின் இழைகள் பாதிக்கு வெளியே நிற்கின்றனவா, பியூஸின் இரு முனையும் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். சிலர் கெட்டிக்காரத்தனமாக இழைகளுக்கு ஈயம் பற்றவைத்துவிட்டு ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். ஈயம் மெத்தென்றது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதத்தில் பிடி தளரும். வெறும் செம்பை முறுக்கி மாட்டுவதே மேல்.

மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். கருகிய சாக்கெட்டில் புதுப் பிளக்கைச் செருகினால் அதுவும் கருகும். ஒரு தடவை வெந்த தகட்டுக்குப் பழைய ஸ்பிரிங் பிடி திரும்ப வராது. பிளக்கை நீங்கள் மாட்டலாம், சுவர் சாக்கெட்டை வயர்மேன் மாற்றட்டும்.

எக்ஸ்டென்ஷன் பற்றி ஒரு வார்த்தை. வயரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். 1.25 சதுர மில்லிமீட்டர் என்றால் 13 ஆம்பியர் தாங்கும், 0.75 என்றால் 6 ஆம்பியர்தான். ஃபேன், டிவி, போன் சார்ஜருக்கு 0.75 தாராளம். கெட்டிலும் குக்கரும் அதில் ஏறக் கூடாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கும் சில வயர்களை நறுக்கினால் இழை மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. அதே கனத்துக்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீள வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடி கெட்டில் போடும் பழக்கமும் வேண்டாம். சுருளின் நடுவில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை.

இரண்டு பின் பிளக்கைத் திணித்த சாக்கெட்டில் ஆட்டினால்தான் கரண்ட் வருகிறது

இது நம் ஊரில் சகஜமான வித்தை. எர்த் ஓட்டையில் ஒரு பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி, உள் மூடி திறந்ததும் உருண்டைப் பின் பிளக்கைத் திணிப்பது. நம் சாக்கெட்டின் தகடுகள் தட்டைப் பின்னை முழுப் பரப்பில் அணைத்துப் பிடிக்கச் செய்தவை. 4 மில்லிமீட்டர் உருண்டைப் பின் அதில் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். போன் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. முடி உலர்த்தி, அயர்ன் என்றால் மேலே சொன்ன 15 வாட் கதை மறுபடி ஆரம்பம். உருண்டைப் பிளக்குக்குள் பியூஸும் இல்லை. சில ரிங்கிட்டுக்கு அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். குத்திக் குத்திப் பிடி தளர்ந்த சாக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

ரைஸ் குக்கர் அரிசி வேகுமுன் 'வார்ம்' போய்விடுகிறது, அல்லது அடி கருகுகிறது

சாதாரண ஒரு பட்டன் குக்கரைச் சொல்கிறேன். பானையை எடுத்துவிட்டுத் தட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டப் பொத்தான் ஸ்பிரிங் மேல் நிற்கும். அதற்குள் ஒரு காந்தமும், காந்தம் ஒட்டிக்கொள்ளும் ஃபெரைட் என்ற பொருளின் துண்டும் இருக்கின்றன. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறுகிறது. 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் ஃபெரைட் காந்தத்தன்மையை இழக்கிறது, காந்தம் விடுகிறது, 'டக்' என்று பட்டன் மேலே வருகிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவு அழகான யோசனை இருக்கிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: பானை அடி தட்டையும் பொத்தானையும் முழுசாகத் தொட வேண்டும். தட்டின் மேல் ஒரே ஒரு காய்ந்த சோற்றுப்பருக்கை இருந்தால் போதும், பானை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்று. மேலே சொன்ன எண்களை வகுத்துப் பாருங்கள். 237ஐ 0.026ஆல் வகுத்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல். கடத்தலை மட்டும் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் காற்று சூட்டைத் தடுப்பது, ஒன்பது மீட்டர் கனமுள்ள அலுமினியம் தடுப்பதற்குச் சமம். சூடு பானைக்குப் போக வழியில்லாமல் தட்டிலேயே தேங்கும். தட்டின் சூட்டில் பொத்தானும் வெந்து, சோறு ஆனதாக நினைத்துக்கொண்டு அணைத்துவிடும். மேலே அரிசி நறுக்கு நறுக்கென்று இருக்கும்.

அடி கருகுவது இதற்கு நேர்மாறு. பானை அடி நடுவில் நசுங்கி மேலே ஏறியிருக்கிறது, பொத்தான் அதை எட்டவில்லை. அல்லது பொத்தானைச் சுற்றிக் கஞ்சி காய்ந்து, அது மேலே வர முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பானையில் தண்ணீர் வற்றிய செய்தி அதற்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

ஆறிய பிறகு ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து தட்டைத் துடையுங்கள். பிடித்துப்போன கறையை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். பொத்தானை விரலால் அழுத்தினால் தடையில்லாமல் இறங்கி ஏற வேண்டும். பானை அடியைக் கழுவியதும் துணியால் துடைத்து உலர்த்துங்கள். பானையை வைத்ததும் இடமும் வலமுமாக ஒரு அரைச் சுற்றுச் சுற்றி உட்கார வையுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற காரியம் அது, சரியான காரியம். பானை அடியை ஒரு நேர்க் கம்பியோ ஸ்கேலோ வைத்துப் பார்த்து வெளிச்சம் தெரிந்தால் பானையை மட்டும் மாற்றுங்கள். இதற்குப் பிறகும் பழைய கதைதான் என்றால் பொத்தான் போய்விட்டது. அப்போது புதுக் குக்கர் வாங்கலாம், மனக்குறை இல்லாமல்.

தோசை நடுவில் கருகுகிறது, ஓரம் வெள்ளையாக இருக்கிறது

வார்ப்பிரும்பின் எண் 50, அலுமினியத்தில் கால்வாசிகூட இல்லை. அடுப்புத் தீ படும் வட்டம் சூடாகும். அங்கிருந்து சூடு பக்கவாட்டில் நகர நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினால் வட்டம் இன்னும் சூடாகுமே தவிர ஓரம் எட்டாது. ஆகவே அவசரப்படாமல் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் கல்லைக் காய விடுங்கள். அகலமான கல்லாக இருந்தால் நடுநடுவே கல்லை நகர்த்தி ஓரத்தையும் தீயில் காட்டுங்கள். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடும் கனமான இரும்புப் பலகை காலையிலிருந்து தொடர்ந்து சூட்டில் இருப்பதால்தான் எந்த மூலையில் போட்டாலும் ஒரே மாதிரி வேகிறது.

மாவை ஊற்றித் தேய்க்கும்போது கரண்டியோடு உருண்டு வருகிறதா? கல் அதிகமாகச் சுடுகிறது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். 'சுர்' என்று படர்ந்து உடனே வற்றினால் சரியான சூடு. தெளித்த துளி முத்தாக உருண்டு கல் மேல் ஓடினால் கல் 200 டிகிரிக்கு அருகில் அல்லது அதற்கும் மேலே இருக்கிறது. துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவி ஒரு மெத்தையாக நிற்பதால் சூடு ஏற முடியவில்லை. அதனால்தான் அவ்வளவு சூட்டிலும் துளி சீக்கிரம் வற்றாமல் ஓடுகிறது. தீயைக் குறைத்து, இன்னும் இரண்டு தடவை தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். நான்ஸ்டிக் அலுமினியக் கல்லில் ஓரப் பிரச்சினை வராது, ஆனால் எடை குறைவு என்பதால் குளிர்ந்த மாவு விழுந்ததும் சூடு இறங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றாதீர்கள். மொறுமொறுப்புக்கு என் ஓட்டு இரும்புக்கல்லுக்குத்தான்.

எவர்சில்வர் சட்டியில் குழம்பு அடிப்பிடிப்பதும் இதே கணக்கு, எண் 15 அல்லவா. அடியில் அலுமினியத் தட்டை நடுவில் வைத்து அழுத்திச் செய்த கனமான அடி உள்ளதாக வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை

கேஸ் தோங் (சிலிண்டர்) வைக்க விடாத கோண்டோவில் குடியேறியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். இறுக்கமாக ஒட்டினால் வேலை செய்யும். ஒட்டாத அலுமினியம், செம்பு, சில எவர்சில்வர் வகைகள் வேலை செய்யாது. இங்கே அடுப்பு சூடாகிப் பாத்திரத்துக்குச் சூட்டைக் கொடுப்பதில்லை. பாத்திரத்தின் அடியிலேயே கரண்டைச் சுழல விட்டு அங்கேயே சூட்டை உண்டாக்குகிறது. அலுமினியத்தில் கரண்ட் தடையில்லாமல் ஓடிவிடுவதால் சூடு பிறப்பதில்லை. நல்ல கடத்தியாக இருப்பதே அதற்குக் குறையாகிவிட்டது! நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டு விற்கிறார்கள். அதில் சமைக்கலாம், ஆனால் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மறுபடி அந்தக் காற்று வந்துவிடும். தட்டு கொதிக்கும், பாத்திரம் மெதுவாகத்தான் சூடேறும். அந்தப் பணத்துக்கு ஒரு சட்டியே வாங்கிவிடுவேன்.

தொட்டால் சுர்ரென்கிறது

முதலில் எதைத் தொட்டால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பின் சார்ஜரில் ஓடும் உலோக உடம்பு லேப்டாப்பைப் புறங்கையால் லேசாகத் தடவும்போது மட்டும் ஒரு நடுக்கம் மாதிரி தெரிந்தால், செருப்பைப் போட்டதும் அது காணாமல் போனால், சார்ஜருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறு கசிவுதான். நல்ல சார்ஜரில் அது மில்லிஆம்பியருக்கும் கீழே. தொந்தரவு, ஆபத்து இல்லை.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கேக் சுடும் அவன் இவை அப்படி இல்லை. இவற்றின் உடம்பு எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் சிறு கசிவு எர்த் வழியாகப் போய்விடும், உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாது. நடுக்கம் தெரிகிறது என்றால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. இன்று வருவது சின்னக் கரண்ட்தான், உண்மைதான். ஆனால் நாளைக்கு உள்ளே லைவ் வயர் உரசி உடம்பைத் தொட்டால், அது போக வேண்டிய வழி இல்லை, நீங்கள்தான் வழி. பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயர் ஸ்க்ரூவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்க வயர்மேனைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயில் ஒரு வயரைக் கட்டி எர்த் என்று சமாளிப்பது வேண்டாம். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளிலும் சரி, செந்தூல் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளிலும் சரி, இரும்புக் குழாயின் நடுவில் எங்காவது ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பார்கள். எர்த் அந்த இடத்தோடு முடிந்தது.

குளியலறையில் ஷவர் ஹீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். தண்ணீரிலோ குழாயிலோ சுர் என்றால் உடனே வெளியே வந்து, ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். சரி செய்யும்வரை அதை யாரும் போடக் கூடாது. சுத்தமான தண்ணீர் கரண்டைக் கடத்துவது மிகக் குறைவு. ஆனால் குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன, அது கடத்தும். உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம். நனைந்த உடம்புக்கு ஆயிரம் ஓம் பக்கம் இறங்கிவிடும். 240 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 240 மில்லிஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளம். அதனால்தான் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிசிபி கேட்கின்றன. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு 30. ஹீட்டரில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அந்தக் காவல்காரன் தூங்குகிறான்.

டெஸ்ட் பென் பற்றி: அது எரிந்தால் ஏதோ வோல்டேஜ் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், எவ்வளவு ஆபத்து என்று அது சொல்லாது. எரியவில்லை என்பதை நம்பி மட்டும் கை வைக்காதீர்கள். ரப்பர் செருப்போடு நின்றால் சில நேரம் அது மங்கித் தெரியாமலே போகும்.

மழை வந்தால் வீடே இருட்டாகிறது

ஒரு பெரிய இடி, அதோடு ஆர்சிசிபி விழுந்தது, ஏற்றியதும் நின்றுவிட்டது என்றால் அது கோளாறு இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமின்னலுக்குப் பஞ்சமே கிடையாது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரம் தினப்படி நடக்கும். மின்னலின் அதிர்வு வயரில் ஏறினால் ஆர்சிசிபி ஏமாறும். ஏற்றினாலும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால்தான் தேட வேண்டும்.

எல்லா எம்சிபியையும் இறக்குங்கள். ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. அதை மட்டும் இறக்கிவைத்துவிட்டு மற்றதை ஏற்றி, வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம். சாக்கெட் லைன் என்றால் அதில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, மறுபடி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது, பிடுங்க வேண்டும்.

சில வீட்டில் இது குழப்பும். ஒரு தடவை சமையலறை எம்சிபியில் விழும், அடுத்த தடவை படுக்கையறை எம்சிபியில் விழும், ஒழுங்கே இருக்காது. அப்போது நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. எம்சிபி லைவ் வயரைத்தான் வெட்டும், நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும். ஆகவே எந்த லைனில் லோடு ஏறினாலும் அதில் கொஞ்சம் எர்த் பக்கம் தப்பி ஓடும். இதை வீட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வயர்மேன் ஒவ்வொரு நியூட்ரலையும் கழற்றி மெகர் என்ற கசிவு அளக்கும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் அளக்க வேண்டும். இந்த அறிகுறியை நீங்கள் தெளிவாகச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மழையோடு வரும் கசிவு பெரும்பாலும் வெளியே இருக்கும்: போர்ச் விளக்கு, ஆட்டோ கேட் பெட்டி, காலிங் பெல், ஏர்கானின் வெளி யூனிட். மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, அல்லது இரண்டு தகட்டுக்கு நடுவில் காய்ந்த பல்லி. வெறும் தூசியும் ஈரமும் சேர்ந்தாலே போதும். பினாங்கில் கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புப் படலம் தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை இல்லாத இரவிலும் விழும். தீபாவளி சீசனில் என்றால் நேரே போர்ச்சுக்குப் போய் சீரியல் விளக்கின் இணைப்பைப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு தரையில் கிடக்கும், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். டேப் கரண்டைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. இணைப்பை உயரத்தில் கட்டி, வயரை அதற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்க விட்டால் வயர் வழியாக வரும் மழைநீர் வளைவில் சொட்டிவிடும்.

ரொம்ப நாள் போடாத அவன், போட்டதும் ட்ரிப்

போன தீபாவளிக்குக் கேக் செய்தது, இப்போதுதான் மறுபடி போடுகிறீர்கள், நிமிடத்தில் ஆர்சிசிபி விழுகிறது. அவனின் சூட்டுக் கம்பி உண்மையில் ஒரு குழாய். நடுவில் நைக்ரோம் சுருள், சுற்றிலும் இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி. சூட்டை விடும், கரண்டை விடாது என்கிற அபூர்வக் குணத்துக்காக அதைப் போடுகிறார்கள். ஆனால் அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். ஈரப்பொடி கரண்டைக் கசிய விடும். பழுது பார்ப்பவர் கம்பியை உலர்த்தித் தந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காக ஆர்சிசிபியைத் தாண்டி வயர் போட்டு நீங்களே சூடாக்கிப் பார்க்காதீர்கள். சரியானபின் மாதம் ஒருமுறை சும்மாவாவது பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள்.

ஏர்கான் குழாய் வழியாகக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

சர்வீஸ் செய்து வடிகால் குழாயும் சுத்தம், ஆனாலும் சொட்டுகிறது என்றால் செம்புக் குழாயின் மேல் போர்த்திய கறுப்பு நுரையைப் பாருங்கள். மாலையில் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் நீர் படியும். குழாய் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. நுரைக்குள் அடைபட்ட காற்றுதான் அதற்குக் காவல். இதுவரை வில்லனாக இருந்தது இங்கே நம் பக்கம். நுரை வெடித்தோ, இணைப்பில் விலகியோ இருந்தால் நீர் உள்ளே போகும். நனைந்த நுரையில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர், கடத்தல் பல மடங்கு. அது காய்ந்து பழையபடி ஆகும் என்று காத்திருக்க வேண்டாம், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளை டேப்பை அழகாகத் தெரிய இறுக்கி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். நுரை நசுங்கிப் பாதிக் கனம் ஆகிவிடும், காற்றும் பாதி போய்விடும். மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்க, டேப் இறுக்கிய இடத்தில் மட்டும் சொட்டினால் காரணம் அதுதான். தளர்வாகச் சுற்ற வேண்டும், நுரை முனைகளை மட்டும் பசை போட்டு ஒட்ட வேண்டும்.

லேப்டாப் ஃபேன் எப்போதும் கத்துகிறது, அடிப்பக்கம் கொதிக்கிறது

மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து வேலை செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். காற்றுப் போகும் ஓட்டை அடைபடும். அப்புறம் ஃபேன் அருகில் உள்ள தகடுகளில் தூசி. இரண்டும் சரி என்றால், நாலைந்து வருடப் பழைய மெஷினில், சிப்புக்கும் செம்புத் தட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து பிளந்திருக்கும். அந்தப் பசை அப்படியொன்றும் நல்ல கடத்தி இல்லை. செம்போடு ஒப்பிட்டால் மிகவும் மட்டம். அதன் வேலை இரண்டு பரப்புக்கும் நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். ஆகவே நிறையத் தடவினால் நல்லது என்று நினைத்துக் கேக் கிரீம் மாதிரி பூச விடாதீர்கள். பழையதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய படலம் மட்டும் போட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடையில் கொடுத்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய பசையை எடுத்துவிட்டுத்தானே புதுசு போடுவீர்கள்?